காற்றுக்கு ஐந்து கிலோ காசு

நேற்று சாயங்காலம் கூரியர் கடையில் நடந்ததை எழுதித் தீர்க்காவிட்டால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

திருச்சியில் இருக்கிற அக்கா மகனுக்குப் பழைய வீடியோ கேம் கேசட் மேல் ஆசை வந்திருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்த்த ஆறு வருடத்தில் கராஜ் சேல்களில், அதாவது வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற இடங்களில், நான் பொறுக்கிச் சேர்த்ததில் இருந்து ஒன்பதை எடுத்தேன். நின்டெண்டோ கேசட் ஆறு, கம்ப்யூட்டர் கேம் மூன்று. எல்லாமே பெட்டியோடு. முப்பது, நாற்பது வருடத்து அட்டை, கொஞ்சம் அழுத்தினாலும் மூலை நசுங்கிவிடும். ஒவ்வொன்றையும் பபுள் ராப்பில் சுற்றி, சுற்றிலும் பேப்பரைக் கசக்கித் திணித்து, நல்ல அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டு போனேன்.

தராசில் வைத்தார்கள். 2 கிலோ 200 கிராம். மிஞ்சிப் போனால் மூன்று கிலோவுக்குப் போடுவார்கள் என்று பர்ஸைத் திறந்தேன். அப்போதுதான் அந்தத் தம்பி மேசை டிராயரில் இருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்தார். 40. பில் புத்தகத்தின் ஓரத்தில் எழுதினார். பெட்டியைத் திருப்பினார். 30. எழுதினார். அப்புறம் உயரம். பேப்பர் திணித்ததில் மேல்மூடி கொஞ்சம் உப்பியிருந்தது. ஓரத்தில் அளக்க வேண்டியதுதானே? இல்லை, உப்பிய நடுப்பகுதியில்தான் டேப்பை வைத்தார். 20. மூன்றையும் போனில் பெருக்கினார். 24,000. அதை 5,000 ஆல் வகுத்தார். 4.8.

“அஞ்சு கிலோ வருதுங்கண்ணா.”

“தராசுல ரெண்டே கால் கிலோகூட வரலையே தம்பி?”

“அது எடைங்கண்ணா. இது அளவு. எது ஜாஸ்தியோ அதுதான் பில்லு. வண்டியில இடத்தை அடைக்குதுல்லங்க?”

ஊர் உலகத்தில் முக்கால்வாசிக் கூரியர்காரர்களும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள், தெரியும். ஆனாலும் அங்கேயே பெட்டியைப் பிரித்தேன். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், இருந்தாலும் பிரித்தேன். இரண்டு கை பேப்பரை வெளியே எடுத்துவிட்டு, மூடியை அமுக்கிப் பிடித்து ஒட்டி, மறுபடி அளக்கச் சொன்னேன். 40, 30, 18. வகுத்தால் 4.32. அப்போதும் ஐந்து கிலோதான், ஏனென்றால் நாலுக்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும் ஐந்தாம்.

“உள்ள என்னங்கண்ணா இருக்கு?”

“வீடியோ கேம் கேசட்.”

“கேசட்டா? இவ்ளோ பெருசாவா? சின்ன வயசுல நாங்க வெச்சிருந்ததெல்லாம் உள்ளங்கையில அடங்குமேங்க?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. நம் ஊரில் தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி விளையாடினோமே, அந்த மிஷின்கள் பெரும்பாலும் நின்டெண்டோ கம்பெனி ஜப்பானில் 1983-ல் விட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை. கேசட்டும் அதே சின்ன அளவு. அதிலும் ஒரு மேரியோ இருந்தது, கான்ட்ரா இருந்தது. மேலே 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே இருந்த பத்து இருபது கேமே திரும்பத் திரும்ப வரும், அந்த ஏமாற்று வேலை வேறு கதை. ஒன்றைத் திருகாணி கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சின்னதாக ஒரு பச்சைப் பலகை, நடுவில் தார் சொட்டினது மாதிரி கறுப்பாக ஒரு பொட்டு. அவ்வளவுதான் மொத்தச் சரக்கும்.

அதே ஃபேமிகாமை நின்டெண்டோ அமெரிக்காவில் வேறு உருவத்தில் விற்றது. இப்போது அந்த அமெரிக்கக் கேசட்டுக்கு வாருங்கள். என்னிடம் இருக்கிற மேரியோ ஆரம்ப காலத்துக் கேசட், சாதாரண திருகாணி ஐந்து போட்டது. பின்னால் வந்தவற்றில் மூன்றே திருகாணி, அதுவும் தனி வகை, கழற்றுவதற்கென்றே ஒரு கருவி வாங்க வேண்டும். போன மாதம் பின்னை, அதாவது மிஷினோடு தொடுகிற உலோகப் பற்களை, துடைக்கலாம் என்று இதைத் திறந்தேன். கேசட் 13 சென்டிமீட்டருக்கு மேல் உயரம், 12 சென்டிமீட்டர் அகலம், தடிமன் 2 சென்டிமீட்டர். உள்ளே அடிப்பக்கத்தில் ஒரு பலகை, பாதி உயரம்கூட இல்லை. அதன் மேல் மூன்று சிப். தீப்பெட்டியைவிடச் சின்னவை. இரண்டில் கேம், மூன்றாவது போலிக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சிப். பலகைக்கு மேலே ஒன்றுமே கிடையாது. வெறும் காற்று! சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் பக்குவமாக அடைத்து வைத்த காற்று. கேம் முழுவதும் சேர்த்தே 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற குட் மார்னிங் படம்கூட அதைவிடப் பெரியது.

அந்தக் காலத்தில் சிப் பெரிதாக இருந்தது, அதனால்தான் கேசட்டும் பெரிது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜப்பானில் அதே மேரியோ இதில் பாதிகூட வராத கேசட்டில் விற்றது. அதைவிடக் கொடுமை, 1985-ல் அமெரிக்காவில் விற்ற ஜைரோமைட் என்ற கேமின் கேசட் சிலவற்றைத் திறந்தால் உள்ளே அப்படியே ஜப்பான் பலகைதான் இருக்கும், 60 பின்னை 72 பின்னாக மாற்றும் ஒரு இணைப்போடு. ஜப்பான் பலகை, அதற்கு ஒரு இணைப்பு, இரண்டையும் உள்ளே வைத்த பிறகும் மூட முடிகிற அளவுக்கு அந்த ஓட்டுக்குள் இடம் கிடந்திருக்கிறது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? பயம். 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. விற்காத சரக்கை அட்டாரி கம்பெனி நியூ மெக்சிகோவில் அலமொகோர்டோ என்ற ஊரில் லாரி லாரியாகக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் புதைத்தது. 2014-ல் தோண்டி எடுத்தும் பார்த்தார்கள். வீடியோ கேம் என்ற பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அதனால் நின்டெண்டோ தன் மிஷினை விசிஆர் மாதிரி, அதாவது வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கிற பெட்டி மாதிரி, மாற்றியது. மேலே சொருகுவதை விட்டுவிட்டு, முன்பக்கம் மூடியைத் தூக்கி, கேசட்டைப் படுக்கவைத்து உள்ளே தள்ளி, அப்புறம் கீழே அமுக்க வேண்டும். அவ்வளவு ஆழத்துக்குத் தள்ள நீளமான கேசட் வேண்டும், வீடியோ கேசட் மாதிரி கையில் கனமாகத் தெரியவும் வேண்டும். தோற்றத்துக்காகச் செய்த வேலை இது. 1993-ல் அதே மிஷினை மலிவாக மறுபடி வெளியிட்டபோது பழையபடி மேலே சொருகுவதாகவே செய்தார்கள். அப்போதும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அந்த அமுக்கு வேலையால் பட்ட பாடு கொஞ்சமா? உள்ளே இருக்கிற பின் தளர்ந்துவிடும். பூட்டுச் சிப்புக்குத் தொடர்பு சரியாகக் கிடைக்காமல் மிஷின் வினாடிக்கு ஒருமுறை தன்னைத்தானே அணைத்து எழுப்பும். திரை மினுக்கிக்கொண்டே இருக்கும். உடனே கேசட்டை எடுத்து ஊது, சொருகு, மறுபடி ஊது. ஊதுகிற எச்சில் ஈரத்தில் பின் இன்னும் கெட்டுப் போகும். கடல் கடந்து அங்கேயும் பிள்ளைகள் நம்மைப் போலவே வாய் வலிக்க ஊதியிருக்கிறார்கள்.

சரி, கேசட்டுக்குத்தான் இந்தக் கதை. அதை வைத்திருந்த அட்டைப் பெட்டியையாவது அளவாகச் செய்தார்களா? ஏற்கெனவே பாதி காற்றான கேசட்டைவிட நாலு சென்டிமீட்டருக்கு மேல் உயரமான பெட்டி. கேசட் உள்ளே ஆடக் கூடாதே என்று அடியில் ஒரு தெர்மாகோல் கட்டை. நேற்று நான் கட்டிய காசில் அந்தத் தெர்மாகோலுக்கும் பங்கு உண்டு. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

கம்ப்யூட்டர் கேம் பெட்டிகள் இதற்கு மேல். ஒன்றைத் திறந்தால் 12 சென்டிமீட்டர் சிடி ஒன்று, எட்டுப் பக்கத்தில் ஒரு துண்டுப் புத்தகம், மீதி இடத்தை அடைக்க ஒரு மடித்த அட்டை. வெளியே பார்த்தால் கல்யாணப் புடவை வைக்கிற பெட்டி அளவு. கடை அலமாரியில் பக்கத்துப் பெட்டியை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அந்தப் போட்டிதான் காரணம். பாட்டு சிடிக்கும் அமெரிக்காவில் இதைத்தான் செய்தார்கள். எல்பி ரெக்கார்டு அடுக்குகிற தட்டில் நிற்க வேண்டும் என்பதற்காகவே சிடியை ஓர் அடி உயர அட்டையில் வைத்து விற்று, வாங்கியவர்கள் வீட்டுக்கு வந்ததும் கிழித்து எறிந்து, ஊரே சத்தம் போட்ட பிறகு 1993-ல்தான் விட்டார்கள்.

பெரிய பெட்டி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. 1998-ல் வந்த ஃபால்கன் 4.0 விமானக் கேமை வளையம் போட்ட கோப்பில் நூற்றுக்கணக்கான பக்கக் கையேட்டோடு கொடுத்தார்கள். உட்கார்ந்து படித்தால்தான் விமானத்தைக் கிளப்பவே முடியும். 1990-ல் மங்கி ஐலண்ட் என்ற கேமோடு வந்த அட்டைச் சக்கரத்தைத் திருப்பிக் கடற்கொள்ளையன் முகத்தைப் பொருத்தினால்தான் கேம் திறக்கும். நியோ ஜியோ என்ற இன்னொரு மிஷினின் கேசட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கைக்கு அடங்காது, ஆனால் உள்ளே இரண்டு முழுப் பலகை நிறைய சிப். இதற்கெல்லாம் ஐந்து கிலோ என்ன, பத்துக் கிலோ காசு கேட்டாலும் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சரக்கு இருக்கிறது, இடம் அடைக்கிறது. சரக்கே இல்லாமல் இடம் அடைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எட்டு வருடமாக வாடகை வீட்டில் பரண் முழுக்க இந்தக் காற்றைத்தான் ஏற்றி வைத்திருக்கிறேன். மூன்று முறை வீடு மாற்றியபோது ஆள் வைத்து இதைத்தான் இறக்கி ஏற்றினேன். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேசட்டை மட்டும் அனுப்பலாமே என்று மனைவி கேட்டாள். அந்த அட்டையில் வரைந்திருக்கிற படங்களைப் பார்த்தவர்களால் அதைத் தூக்கிப் போட முடியாது. எனக்கும் முடியாது. அதைத் தெரிந்துதான் அவ்வளவு பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள்.

கடைசியில் ஒத்துக்கொண்டேன். கிலோ 70 ரூபாய், ஐந்துக்கு 350. மூன்று நூறு ரூபாய் நோட்டும் ஐந்து பத்து ரூபாய் நாணயமும் வைத்தேன். தம்பி நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நாணயத்தை விரலால் என் பக்கம் தள்ளினார்.

“இது செல்லாதுங்கண்ணா, யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க.”

பத்து ரூபாய் நாணயத்தில் எல்லா டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிக்கை விட்டாயிற்று. காய்கறிக் கடையில் வாங்குவதில்லை, மெடிக்கலில் வாங்குவதில்லை, டீக்கடையில் வாங்குவதில்லை. அளந்து பார்த்துக் காற்றுக்குக் காசு வாங்குகிற இடத்தில், அரசாங்கம் அச்சடித்த அசல் நாணயத்தை வாங்க மாட்டேன் என்கிறார்கள்! யார் தம்பி இதைச் செல்லாது என்று சொன்னது? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள், நான் போய்ப் பேசுகிறேன்.