அது செல்போன் வகுப்பு அல்ல

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை இங்குள்ள பலர் நேரில் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு வாட்ஸப் குழுவில் வந்த சிரிப்புப் படங்களையும் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியடாக நடந்துவந்த மல்டிமீடியா, தொடர்புத் திறன் வகுப்பை ஒருவர் 'செல்போன் வகுப்பு' என்று கேலி செய்தார், பாதி அரங்கம் சிரித்தது, நிர்வாகமும் அந்த இரண்டு பீரியடையும் கணிதத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. நான்கு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

அது செல்போன் வகுப்பு அல்ல. தையல் வகுப்பை ஊசி வகுப்பு என்று நாம் யாரும் சொல்வதில்லை.

அங்கே என் மகள் என்ன செய்தாள் என்று சொல்கிறேன். நான்கு பேர் கொண்ட அவளுடைய குழு செல்போனில் பதிவு செய்து நான்கு நிமிட ஒலி நேர்காணல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற கழிவுநீர்க் கால்வாயை ஒட்டி இருந்த, தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது தில்லித் தமிழர்களுக்கு நினைவிருக்கும். அங்கிருந்து தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவுக்குப் போன பாட்டி ஒருவர் எங்கள் தெருவில் பல ஆண்டுகள் வீட்டு வேலை செய்தவர். அவரைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை நான்தான் அழைத்துப் போனேன். "வீடு போனது வருத்தமாக இருந்ததா?" என்று இவர்கள் முதலில் எழுதியிருந்த கேள்வியை ஆசிரியை அடித்துவிட்டு, ஆமாம் என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகும் கேள்வி எதற்கு, அன்று காலை எழுந்ததிலிருந்து என்ன நடந்தது என்று கேளுங்கள் என்று திருத்தியிருந்தார். பாட்டி நாற்பது நிமிடம் பேசினார். நடுவில் என் மகள் இயர்போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, மின்விசிறிச் சத்தம் மழைபோல விழுகிறது, நிறுத்திக்கொள்ளலாமா பாட்டி என்று அனுமதி கேட்டாள். அந்தப் புழுக்கத்தில் ஐந்து பேரும் வியர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம். "சாமி படத்த மட்டும் மடியில வச்சுக்கிட்டு டெம்போல உக்காந்தேன்" என்று சொன்ன பாட்டி அதற்கு மேல் பேசவில்லை. பதினொரு விநாடி மௌனம். அதை வெட்டுவதா, விடுவதா என்று குழுவுக்குள் இரண்டு நாள் சண்டை நடந்தது. வெட்டச் சொன்னவன் கணிதத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிற பையன். (இப்படிச் சொல்வது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது, இருக்கட்டும்.) மௌனம் தங்கியது.

இதைத்தான் செல்போன் வகுப்பு என்கிறீர்கள்.

மதிப்பெண்ணுக்கு உதவுமா என்று கேட்பீர்கள். சிபிஎஸ்இ ஒன்பது, பத்தாம் வகுப்பில் தொழில் சார்ந்த திறன் பாடங்களில் எழுத்துக்கு 50, செய்முறைக்கு 50 மதிப்பெண் வைத்திருக்கிறது. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான வேலைவாய்ப்புத் திறன் பகுதியில் முதல் அலகே தொடர்புத் திறன்தான். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தவறிய பிள்ளை, வழக்கமான ஐந்து பாடங்களுக்கு மேல் ஆறாவதாக எடுத்த திறன் பாடத்தில் தேறியிருந்தால் அதைக் கணிதத்துக்கு ஈடாக வைக்கவும் விதியில் இடம் உண்டு. கணிதத்துக்காக எதைப் பலி கொடுத்தோமோ, கணிதம் கைவிடும் நாளில் அந்த வகையான பாடம்தான் தாங்கிப் பிடிக்கிறது. எங்கள் பள்ளியின் வகுப்பு தேர்வுப் பாடம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கான முதல் படி அது.

பிள்ளைகள் ஏற்கெனவே போனும் கையுமாகத்தானே இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள், அதனால்தான் அந்த வகுப்பு வேண்டும். எல்லா வீட்டிலும் நல்ல போன் இல்லையே என்றால், குழுவுக்கு ஒன்று போதும். உன் மகள் என்பதால் பேசுகிறாய் என்றால், ஆமாம், என் மகள் என்பதால்தான் பேசுகிறேன். நீங்களும் உங்கள் மகனின் கணிதத்துக்காகத்தானே பேசினீர்கள்?

1996இல் கும்பகோணத்திலிருந்து வந்து கரோல் பாகில் ஓர் அறையில் நான்கு பேரோடு தங்கி வேலைக்குப் போனவன் நான். கணிதத்தில் எனக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் அலுவலகக் கூட்டத்தில், நான் இரவெல்லாம் உட்கார்ந்து போட்ட கணக்கைப் பக்கத்து மேசைக்காரர் எழுந்து விளக்கிப் பாராட்டு வாங்கியபோது, அது என்னுடையது என்று இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. தமிழில்கூட வந்திருக்குமா என்பது சந்தேகம்தான், ஏனென்றால் எழுந்து நின்று பேசு என்று எந்தப் பள்ளியிலும் என்னிடம் யாரும் சொன்னதில்லை. மதராசி பாவம், நல்ல மனுஷன், வாயில்லாப் பூச்சி என்று இரண்டு ஆண்டுகள் பெயர் வாங்கினேன். என் மகள் பாட்டியிடம் தமிழில் கேட்டு, இந்தியில் முன்னுரை சொல்லி, ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியதைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை இங்கே எழுத மாட்டேன். அதற்கும் யாராவது சிரிப்புப் படம் போடுவீர்கள்.

சனிக்கிழமை பேசிய அந்த நண்பரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஏழு நிமிடம் பேசினார்; மைக்கை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அதாவது வந்து" என்று தொடங்கி, ஒரு வாக்கியத்தையும் முடிக்காமல் பேசினார். பின்வரிசையில் ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை யாராவது அருகில் இருந்திருந்தால், மைக்கை வாயருகே கொண்டுபோகும்படி மரியாதையாகச் சொல்லியிருக்கும்.

அந்த நான்கு நிமிடம் ஆண்டு விழாவில் ஒலிப்பதாக இருந்தது, இனி இல்லை. கோப்பு என் மடிக்கணினியில் இருக்கிறது. இங்கே பதிவேற்றலாமா என்று மகளிடம் கேட்டேன். வகுப்புக்காக மட்டும்தான் பாட்டியிடம் அனுமதி வாங்கினோம், பொதுவெளியில் போட வேண்டுமானால் திரும்பவும் கேட்க வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நரேலா போகிறோம்.