யூஎஸ்பி துளை இருந்தால் மட்டும் பதிவாகாது

யூஎஸ்பி துளை உள்ள எந்த செட்டாப் பாக்ஸிலும் பென்டிரைவைச் செருகினால் பதிவாகும், அதை லேப்டாப்பில் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது அப்படியில்லை. கட்டண டிடிஎச் பெட்டியில் பதிவானது பூட்டோடு இருக்கும். அந்தப் பெட்டியை விட்டால் வேறெதிலும் ஓடாது. லேப்டாப்பில் பார்க்க, டிடி ஃப்ரீ டிஷ் போன்ற இலவச சேவையின் சேனல்களைப் பதியும் பெட்டி வேண்டும். அது வரும் அட்டைப்பெட்டியில் 'பிவிஆர்' (PVR, பதிவு செய்யும் வசதி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தத் துளை படம், பாட்டு ஓட்ட மட்டும்தான். எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) பெட்டியாகவே வாங்குங்கள், பழைய எம்பெக்-2 மட்டும் உள்ளதில் சில சேனல்கள் வராது.

சாதாரண சேனல் மணிக்குச் சுமார் ஒன்றரை ஜிபி பிடிக்கும். ஃபேட்32 (FAT32) என்ற முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. நல்ல பெட்டி துண்டாக்கித் தொடரும். மட்டமானது மூன்று மணி நேரத்துக்குள் நின்றுவிடும்.

மண்டபம், ராமேஸ்வரம் போன்ற கடலோர ஊர்ப் பக்கம் பதிவு கட்டம் கட்டமாக உடைந்தால், மழையும் இல்லையென்றால், பென்டிரைவைத் திட்டாதீர்கள். எல்என்பியில் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் பகுதி) உள்ள கேபிள் கனெக்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். கேபிள் நுனியை வெட்டிப் புது கனெக்டர் போட்டு, ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வதுபோல. மேலிருந்து சுற்றினால் தண்ணீர் மடிப்புக்குள் இறங்கும்.