எல்லோருக்கும் வந்தது ஓசிடி இல்லை

கொரோனா காலத்தில் நாம் எல்லோருமே ஓசிடிக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சரியில்லை. ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநோய். எனக்குப் பன்னிரண்டு வருடமாக இது இருக்கிறது. 20 விநாடி கை கழுவச் சொன்னார்கள். மற்றவர்கள் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எனக்கு முடிக்கும்போதே ‘குழாயைத் தொட்டோமே’ என்று தோன்றும், மறுபடி முதலிலிருந்து.

2020 ஜூன் கடைசியில் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்களே, அப்போது செல்லூர் வீட்டில் பால் பாக்கெட்டைத் தேதி அழியும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ரசம் சோறு பிசைந்தால் எரியும். அம்மாதான் ஊட்டிவிட்டார்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல், பதற்றம் தானாக இறங்கும்வரை இருப்பதுதான் மருத்துவர் கொடுத்திருந்த பயிற்சி. அதில் நன்றாகத் தேறி வந்தேன். ஊரே கழுவு கழுவு என்னும்போது அதை எப்படித் தொடர்வது? அப்புறம் அவரே போனில் பேசி, வெளியே போய்வந்தால் ஒரு முறை, சாப்பிடும் முன் ஒரு முறை என்று அளவு வைத்தார். மாத்திரையும் தொடர்ந்தது.

வீட்டில் யாராவது இப்படி இருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.