மூடுபனி வந்தால் டிக்கெட் காசு வீணா?

இலங்கை மலைநாட்டிலுள்ள ஹோட்டன் சமவெளிக்குப் போய்வந்த ஆட்களின் பதிவுகளில் அடிக்கடி ஒரு புலம்பல் வரும்: "விடியக் காலமை நாலு மணிக்கு எழும்பிப் போனோம், உலக முடிவில ஒண்டுமே தெரியேல்ல, எல்லாம் வெள்ளை. காசு வீண்." (உலக முடிவு என்பது அங்குள்ள செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பு.) வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அந்த வெள்ளைதான் ஐயா சமவெளி! கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே நிற்கிற காடு அது. மழையை மட்டும் நம்பி வளரவில்லை. முறுகி வளைந்த கீன மரக் கிளையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பாசி படர்ந்திருக்கும், சாம்பல் பச்சையில் தாடி மாதிரி லைக்கன் தொங்கும். காற்றோடு வருகிற பனிமூட்டம் அதில் பட்டுத் துளியாகிச் சொட்டும். மழை பெய்யாத காலையிலும் மரத்தடி மட்டும் ஈரமாய்க் கிடக்கும். இந்த மலைத் தண்ணீர்தான் அக்ர ஓயா வழியாக மகாவலிக்கும், பெலிஹுல் ஓயா வழியாக வளவை கங்கைக்கும் போகிறது. களனிக்கும் இங்கிருந்து பங்குண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டில் கைவைக்க வேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆங்கில அரசுக்குச் சொன்னார். மலைமலையாய் மொட்டையடித்துத் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அப்படிச் சொன்னது பெரிய காரியம்.

நாங்கள் நடக்கிற விதம் என்ன? வளையப் பாதை சுமார் 9 கிலோமீட்டர். கதவு திறந்ததும் ஓட்டமும் நடையும்தான், பத்து மணிக்குள் பனி மூடிவிடுமாம். சின்ன உலக முடிவில் நிற்பதேயில்லை, பெரியதில் ஒரு படம், பேக்கர் நீர்வீழ்ச்சியில் இன்னொன்று, திரும்பி வாகனத்தில் ஏறிவிடுவது. (பேக்கர் நுவரெலியாவில் குடியிருந்து மரை வேட்டையாடிய வெள்ளைக்காரர். அருவிக்கு அவர் பெயர், மரைக்கு ஒன்றுமில்லை.)

சரி, பனி விலகினால் என்ன தெரியும்? ஏறக்குறைய 880 மீட்டர் செங்குத்துப் பள்ளம். அடியில் தேயிலைத் தோட்டம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயன் வீட்டுக் கூரைகள். எங்கட சனம் இருக்கிற இடம். காட்சி தெரியவில்லை என்று அழுகிறவர்கள், தெரிந்த நாளிலும் இதைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

நுழைவாயிலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுப்பதற்கும் குறை சொல்கிறார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூடக் கிழித்துவிடுவார்கள், பிஸ்கட்டைக் கடதாசிக்கு மாற்றச் சொல்வார்கள். நல்லாச் செய்யட்டும். நடை தொடங்குகிற ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் ஆளுக்கு ஆள் வாய் நீட்டி நிற்பதைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்: பொலித்தீனும் அதுகளின் வாய்க்குள்தான் போகும். தயவுசெய்து பாண் கொடுக்காதீர்கள். அது காட்டு மிருகம், புல் இருக்கிறது அதற்கு.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு: பட்டிப்பொல பக்கமாய் வந்தால் தொட்டுப்பொல மலைக்குப் பாதை பிரியும். இலங்கையின் மூன்றாவது உயர்ந்த மலை, ஆனால் ஏற்றம் குறுகியது, பிள்ளைகளும் ஏறலாம். இரண்டாவது உயர்ந்த கிரிகல்பொத்தவுக்கு ஃபார் இன்னிலிருந்து போக மட்டும் ஏறக்குறைய 7 கிலோமீட்டர், இடையில் சதுப்பும் புதரும். சப்பாத்து நனையும். பனி இறங்கினால் பாதை தப்பும். தனியே போகாதீர்கள், வனஜீவராசிகள் அலுவலகத்தில் சொல்லிவிட்டு விடியவே வெளிக்கிடுங்கள்.