ஃபார்ம் 16ம் அக்காவின் 45 ரூபாயும்

வருடம் முழுக்கச் சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடித்தார்கள் என்று ஆபீஸ் தரும் சான்றான ஃபார்ம் 16 கைக்கு வந்த அன்று எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். "நான் கட்டுற வரியிலதான் ஊரே ஓசி பஸ்ல போகுது" என்றார் ஒருவர். வரிசையாகக் கைதட்டல்கள். இது வழக்கம்தான், நான் வாய் கொடுப்பதில்லை. ஆனால் அடுத்து எழுதியவர் என் தோழர், பல வருடமாகச் சங்கத்தில் இருப்பவர். "உழைக்கிறவன் கூலியில கை வைக்கிறது என்ன முற்போக்கு? வருமான வரியே ஒழியணும்."

தோழரே, 1848ல் மார்க்சும் எங்கெல்சும் கம்யூனிஸ்ட் அறிக்கையில் வைத்த பத்துக் கோரிக்கைகளில் இரண்டாவதே, வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறுகிற கனத்த வருமான வரிதான். மூன்றாவது, வாரிசு உரிமை ஒழிப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் நாட்டில் இந்த வரி பிறந்த கதை ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 1857 கிளர்ச்சியால் காலியான கஜானாவை நிரப்ப 1860ல் வெள்ளையர் ஆட்சியின் நிதிப் பொறுப்பாளர் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தது. ஆனால் அதே வெள்ளைக்கார ஆட்சி உப்புக்கும் வரி போட்டிருந்தது. 1930ல் காந்தி தண்டி கடற்கரைக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்தது உப்பு வரிக்கு எதிராகத்தான். கூலிக்காரன் கஞ்சியில் போடுகிற உப்புக்கும் ஜமீன்தார் விருந்தில் போடுகிற உப்புக்கும் வரி ஒன்று. ஆளின் வசதியைப் பார்க்காத வரி அது.

அந்த உப்பு இன்று நம் செல்போனில் இருக்கிறது. எங்கள் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் அக்கா போன வாரம் என்னிடம் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் போடச் சொன்னார். பணத்தைச் சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார், கடைசி ஒன்பது ரூபாய் சில்லறையாக. ரீசார்ஜுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. அந்த 299ல் 45 ரூபாய்க்கு மேல் வரி. எங்கள் டைரக்டர் அதே பிளான் போட்டாலும் அதே 45தான். அக்காவிடம் யாரும் ஃபார்ம் 16 கொடுப்பதில்லை, அதனால் அவர் 'வரி கட்டுபவர்' கணக்கில் வரவே மாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 45ல் பாதி நேராக மாநில அரசுக்குப் போகிறது. ஓசி பஸ்ஸை ஓட்டுவதும் மாநில அரசு. நம் வருமான வரியோ முதலில் டெல்லிக்குப் போய், மாநிலங்களோடு பகிர வேண்டிய மத்திய வரித் தொகுப்பில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்குமாகப் பிரிந்துதான் திரும்புகிறது. வரிக்கு மேல் செஸ், சர்சார்ஜ் என்று கூடுதலாகப் பிடிப்பதில் அதுவும் கிடையாது. தான் ஏறும் பஸ்ஸுக்கு அக்காவும் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, தோழரின் கோபத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பாய வேண்டிய இடம் வேறு. சலுகைகள் குறைந்த புதிய வருமான வரி முறையில் வருடம் 50 லட்சம் சம்பளம் வாங்குபவர் ஏறத்தாழ 11 லட்சம் வரி கட்டுகிறார். ஒரு வேலையும் பார்க்காமல், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று 50 லட்சம் லாபம் பார்த்தவருக்கு 12.5 சதவீதம்தான், 6 லட்சத்தைச் சுற்றி முடிந்துவிடும். அதே 50 லட்சம் அப்பா விட்டுப்போன சொத்தாக வந்தால் வரியே இல்லை. இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கு 1953ல் வந்த எஸ்டேட் வரியை 1985ல் எடுத்தார்கள். பணக்காரர்களின் மொத்தச் சொத்து மதிப்புக்கு 1957ல் வந்த செல்வ வரியை (வெல்த் டாக்ஸ்; வீட்டுக்குக் கட்டும் சொத்து வரி அல்ல) 2015ல் எடுத்தார்கள். இரண்டுமே வசூல் சொற்பம், தலைவலி அதிகம் என்றார்கள். இருக்கலாம். ஓட்டைகளை அடைத்துப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

அதற்காக 1973-74ல் இருந்த 97.75 சதவீத உச்ச வருமான வரியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. நூற்றுக்கு இரண்டேகால் ரூபாய் மிஞ்சும் என்றால் எவனும் கணக்கில் காட்ட மாட்டான். நானே பழைய வரி முறையில் இருந்த காலத்தில், வாடகைக்கு உள்ள வரிச் சலுகைக்காக அம்மாவுக்கு வாடகை கொடுப்பதாக ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது எழுதியவன்தான். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, "எப்படா குடுத்தே?" என்றார்.

இதையெல்லாம் சுருக்கிக் குழுவில் போட்டேன். பஸ் நண்பர் ஒரு கட்டைவிரல் வைத்தார். தோழர் ராத்திரி போன் செய்தார். வாரிசு வரியைச் சங்கத் தீர்மானத்தில் சேர்க்கலாம் என்றார். அப்புறம் கொஞ்சம் இழுத்து, ஊரில் அவர் அப்பா பேரில் இருக்கும் இரண்டு கிரவுண்டுக்கும் அது வருமா என்று கேட்டார்.