கப்பல் ஓடுகிற நாள்களில் நர்சுக்கு என்ன வேலை?

ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்றில் நான் நர்சு. லீவில் எங்கள் கடற்கரை ஊரான உவரிக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நேற்றுப் பெரியம்மாவும் கேட்டுவிட்டார். "ஏளா, கப்பல் கரையில நிக்கும்போது ஆபரேஷன் நடக்கும், சரி. அடுத்த நாட்டுக்குப் போற வழியில நோயாளியே கிடையாதுன்னு சொல்லுத. அப்பம் உனக்கு என்ன வேல? சும்மா கடலப் பாத்துக்கிட்டு வருவியா?"

எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஓடுகிற கப்பலில் நோயாளி இருக்க மாட்டார், அது உண்மைதான். இந்தத் தொண்டுக் கப்பல்கள் ஆப்பிரிக்காவில் ஏதாவது ஒரு துறைமுகத்தில் பத்து மாதம் போலக் கிடக்கும். பிளவுபட்ட உதடு, கண்புரை, தாடையில் தேங்காய் அளவுக்கு வளர்ந்த கட்டி, வளைந்த கால் எல்லாவற்றுக்கும் இலவசமாக அறுவை சிகிச்சை நடக்கும். கடைசி நோயாளி தையல் பிரித்து வீட்டுக்குப் போன பிறகுதான் கப்பல் புறப்படும். டாக்டர்களில் பெரும்பாலோர் விமானம் ஏறிவிடுவார்கள். எங்களில் கொஞ்சம் பேர் கப்பலோடு போவோம். சம்பளம் கிடையாது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் நாங்கள்தான் பணம் கட்ட வேண்டும். என் சேமிப்பும், அண்ணனும் மைனியும் தருவதும் அதற்குத்தான் போகிறது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரி முழுவதையும் இழுத்துக் கட்ட வேண்டும். மயக்க மருந்து மெஷினைச் சுவரோடு சேர்த்து வார் போட்டு இறுக்குவோம். மானிட்டர்களைத் தரையில் மெத்தை போட்டுப் பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்துவோம். கட்டில்களை ஒன்றோடொன்று பிணைத்து, மேலே தொங்குகிற ஆபரேஷன் விளக்கு ஆடாமல் கட்டி, ஒவ்வொரு இழுப்பறைக்கும் டேப் ஒட்டுவோம். எஞ்சின் அறையில் தூத்துக்குடிக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார். வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ கெட்டினது சரியா இல்லையான்னு இப்பம் தெரியாது தங்கச்சி. கப்பல் சாயும்போதுதான் தெரியும்."

மூன்றாம் நாள் ராத்திரி சாய்ந்தது. இருட்டு வார்டுக்குள்ளிருந்து டங், டங் என்று சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். சலைன் பாட்டில் தொங்கவிடுகிற ஸ்டாண்டு ஒன்று அவிழ்ந்து, கப்பல் உருளும் போதெல்லாம் போய் இடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டடி நகர்ந்திருந்தால் மானிட்டர் மேல் விழுந்திருக்கும். அப்பா வள்ளத்தைக் கட்டுகிற முடிச்சைச் சின்ன வயதில் பார்த்துப் படித்திருந்தேன். அதைப் போட்டுக் கட்டினேன். கரை சேரும் வரை அது அசையவில்லை.

பகலில் மருந்து ஃபிரிட்ஜ் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். காலாவதி தேதி பார்த்து மருந்தைப் பிரிப்பது, தையல் நூலை எண்ணுவது, அப்புறம் சமையலறையில் காய் நறுக்குவது. ஏழு குட்டைச் சங்கும் ஒரு நீளச் சங்கும் கேட்டால் உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும், பயிற்சிக்குத்தான் என்றாலும். குளிக்க இரண்டே நிமிடம் தண்ணீர். வாந்தி வருகிறவர்களுக்கு உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கொடுத்தேன். வாங்கிக் குடித்த ஐரோப்பியப் பெண்கள் மறுநாளும் கேட்டு வந்தார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் வைத்தியம் என்றால் டாக்டர் கத்தியைக் கையில் எடுக்கிற நிமிடம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. முன்னால் நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, சளி உறிஞ்சுகிற மெஷின் ஒன்று வந்தது. ஆறு மாதத்தில் அதன் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. குழாய் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. துணி போட்டு மூடி மூலையில் வைத்துவிட்டார்கள். ஒரு ராத்திரி பிறந்த பிள்ளைக்கு மூச்சுக்குழாயில் நீர் அடைத்துக்கொண்டது. வாயால் உறிஞ்சுகிற சின்னக் குழாயை வைத்துத்தான் நான் எடுத்தேன். பிள்ளை அழுகிற வரைக்கும் என் உடம்பில் உயிர் இல்லை. அந்தத் துணி மூடிய மெஷின் நான்கடி தூரத்தில்தான் இருந்தது.

உலகத்தில் பாதுகாப்பான அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் 500 கோடிப் பேர் என்று 2015-ல் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த குழு சொன்னது. அதற்காகத்தான் இத்தனை பாடு. ஆப்ரிக்கா மெர்சி என்ற கப்பல், முன்பு டென்மார்க்கில் ரயில் பெட்டிகளை ஏற்றிக் கடல் கடக்க வைத்தது. தண்டவாளம் கிடந்த தளத்தில் இன்று ஆபரேஷன் தியேட்டர்கள். 1980-ல் கட்டிய கப்பல் அது, 2007-ல் ஆஸ்பத்திரியாக வேலைக்கு வந்தது. நம் நாட்டில் 1991-ல் ரயிலையே ஆஸ்பத்திரி ஆக்கி லைஃப்லைன் எக்ஸ்பிரஸ் என்று ஓட விட்டார்கள். பழைய கப்பலும் ரயிலும் இத்தனை வருஷம் ஓடுகிறதென்றால், எஞ்சினுக்குள் எண்ணெய்க் கையோடு நிற்கிற அந்த அண்ணனைப் போன்றவர்களால்தான். ஜெனரேட்டர் நின்றால் ஆபரேஷன் மேஜையில் கிடக்கிறவர் கதி என்ன?

ஆடிக் காற்றில் அப்பா கடலுக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவார். அப்போது யாரும் அவரைச் சும்மா இருக்கிறார் என்று சொன்னதில்லை. பொத்தாத வலையோடு போனால் என்ன ஆகும் என்று நம் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன் அது தெரிய மாட்டேன் என்கிறது? மெஷின் வாங்கக் காசு கொடுக்கிறவர்களை மனதார வாழ்த்துகிறேன். கூடவே குழாய்க்கும் ஃபில்டருக்கும் மெக்கானிக் சம்பளத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அந்தப் பங்குக்குக் கல்வெட்டில் பெயர் வராது, தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

பெரியம்மாவிடம் அந்த ஸ்டாண்டு கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் உள்ளே போய் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி எடுத்து வந்தார். "அந்தத் தூத்துக்குடிப் பையனுக்கும் சேத்துக் கொண்டு போ."