நாவல் தேனும் அத்தையின் சர்க்கரையும்

அத்தை வீட்டு அலமாரியில் சுகர் மாத்திரைக்குப் பக்கத்திலேயே ஒரு பாட்டில் இருந்தது. 'சுத்தமான நாவல் தேன்'. ஏதோ பொருட்காட்சியில் அரைக்கிலோ எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். "சுகருக்கு ரொம்ப நல்லதாம் மக்கா. காலைல ரெண்டு கரண்டி, ராத்திரி ரெண்டு கரண்டி." மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால், ஏழில் இருந்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) எட்டரை. இடையில் மாம்பழ சீசனும் வந்து போனதால் முழுப் பழியையும் தேன் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் கணக்கு எளிது: ஒரு மேசைக்கரண்டித் தேன் சுமார் 21 கிராம், அதில் 17 கிராம் சர்க்கரை. எந்தப் பூவில் எடுத்தாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது.

நாவலுக்குச் சர்க்கரை நோயில் பெயர் வாங்கிக் கொடுத்தது கொட்டையும் பட்டையும். கொட்டையில் இருப்பது பூவின் மதுவிலும், அதாவது தேனீ உறிஞ்சும் இனிப்புநீரிலும், அப்படியே இறங்கும் என்று யார் சொன்னது? முருங்கைத் தேனில் இரும்புச்சத்து என்கிறார்கள். அது கீரையின் பெருமை. பூவுக்கு எப்போது மாற்றிக் கொடுத்தார்கள்?

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரன், தேன் பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவன். ஒரு தேனீ ஒரு தடவை வெளியே போனால் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் சுற்றும், உண்மை. ஆனால் பெட்டிக்குள் இருப்பது ஆயிரக்கணக்கில். பாதி நாவலுக்குப் போனால் மீதி தென்னம்பாளைக்குப் போகும். அதனால்தான் மகரந்தத்தை மைக்ரோஸ்கோப்பில் எண்ணி, 45 சதவீதத்துக்கு மேல் ஒரே செடியுடையது என்றால் அந்தப் பூவின் தேன் என்று சொல்லும் வழக்கம் வந்தது. எங்கள் ஊர் ரப்பர் தேன் இந்தக் கணக்கிலும் மாட்டாது. ரப்பர் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் இனிப்புநீர் கசியும். தேனீ எடுப்பது அதைத்தான். பூவே இல்லாத 'ஒரு பூத் தேன்'!

அப்படியென்றால் பூவுக்கும் தேனுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. துருக்கியின் கருங்கடல் பக்கம் ரோடோடென்ட்ரான் பூத் தேனைத் தின்றால் தலை சுற்றும், நாடித்துடிப்பு இறங்கும். அந்த மதுவிலேயே நஞ்சு உண்டு. நியூசிலாந்தின் மனுகா என்ற புதர்ச்செடியின் கதை இன்னும் சுவாரசியம். சாதாரணத் தேன் கிருமியைக் கொல்வதற்குச் சர்க்கரைச் செறிவும் புளிப்பும் ஒரு காரணம், அதில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னொரு காரணம். அந்நாட்டு வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மோலன் என்ற ஆய்வாளர் பார்த்தது, பெராக்சைடை நீக்கிய பிறகும் மனுகாத் தேன் கிருமியைக் கொன்றது. ஏன் என்பதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்து 2008இல் விடை வந்தது: மெத்தில்கிளையாக்சல். மனுகாப் பூவின் மதுவில் உள்ள டைஹைட்ராக்சிஅசிட்டோன், தேன் இருக்க இருக்க மெத்தில்கிளையாக்சலாக மாறுகிறது. பொருளைக் கண்டுபிடித்தார்கள், அளந்தார்கள், அளவை லேபிளில் போட்டார்கள். எது மனுகா என்று முடிவுசெய்ய அந்நாட்டு அரசு நான்கு வேதிப்பொருள்களையும் ஒரு டிஎன்ஏ அடையாளத்தையும் கேட்கிறது.

இத்தனைக்கும் பிறகு அது பெயர் எடுத்தது புண்ணில் தடவ, அதுவும் கதிர்வீச்சில் கிருமிநீக்கம் செய்த மருத்துவத் தேனாக. வாங்குகிறவர்களோ டீயில் கலந்து குடிக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும் பொருள்களில் இந்த மெத்தில்கிளையாக்சலும் ஒன்று.

இருமலுக்குத் தேன் கேட்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 105 பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குப் படுக்கும் முன் பக்வீட் என்ற தானியச் செடியின் பூத் தேன் கொடுத்தார்கள். எதுவும் கொடுக்காத பிள்ளைகளைவிட அவர்களுக்கு ராத்திரி இருமல் குறைந்தது. ஆனால் வேறொரு தேனோடு அதை ஒப்பிடவில்லை. அதனால் அந்தப் பாராட்டு தேனுக்குச் சேரும், பக்வீட் பூவுக்குச் சேராது. (ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் வேண்டாம், நாக்கில் தொட்டு வைக்கக்கூட. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.)

நம் சித்த மருத்துவமும் தேனை மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத்தேன், மனைத்தேன், புற்றுத்தேன் என்று கூடு இருந்த இடத்தை வைத்துத்தான் பிரித்தது. பூவை வைத்து அல்ல. மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் அனுபானமாகத்தான் அங்கே தேனுக்கு அதிக வேலை. ஆக, 'நாவல் தேன் சர்க்கரையைக் குறைக்கும்' என்பதைப் பாரம்பரியம் என்று சொல்லி விற்பதில் எனக்குக் கோபமே வருகிறது.

பாட்டிலை நான் எடுத்து வந்துவிட்டேன். லேசான கசப்போடு நல்ல தேன்தான், மட்டிப்பழத்துக்கு அருமையாக இருக்கிறது. நேற்று அத்தை போன் செய்தார். "எண்ணூறு ரூபா சாமானத்த நீ பழத்துக்குத் தொட்டுத் தின்னுதியா மக்கா?"